படம் இல்லாத சாமிக்குப் பட்டா இல்லை

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் 2006இல் நடராஜரைத் தூக்கிப் போனார்கள். ஊருக்குத் தெரிந்தது 2008 ஆகஸ்டில்! பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில் அது. பாதுகாப்பு மையத்துக்குச் சிலைகளைக் கொண்டுபோக அதிகாரிகள் கதவைத் திறந்தபோதுதான் எட்டுச் சிலைகளைக் காணோம் என்று தெரிந்தது. அதற்குள் நடராஜர் ஐம்பது லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டிருந்தார்.

2014 செப்டம்பரில் அவர் நாடு திரும்பக் கைகொடுத்தது பழைய புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்தவற்றில் ஒன்று. தேய்ந்த மூக்கு, ஒடிந்த விரல்நுனி, வார்ப்பில் விழுந்த பள்ளம் எல்லாம் மனிதரின் கைரேகைபோலச் சிலைக்குச் சிலை மாறும். 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும், மீட்கக் கேட்கும் நாடுதான் தன் செலவில் ஆதாரம் தரவேண்டும் என்கிறது.

நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? அதே 2006இல்தான் நம் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கிய, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல் அதில் ஒன்று. அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் யாராவது அதை லாரியில் ஏற்றியிருந்தால், எதைக் காட்டி எங்கே போய்க் கேட்டிருப்போம்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அல்லிநகரம் வீரப்ப அய்யனார் கோயில் கூட்டத்தில் எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறது. ஆனால் பட்டும் மாலையும் சாத்திய அலங்காரப் படம் வழக்குக்கு உதவாது. அபிஷேகத்துக்கு முன் அலங்காரம் களைந்த நிலையில் முன்புறம், முதுகுப்புறம், பீடத்தின் அடி, அளவுகோலோடு, பூசாரியே படமெடுக்கட்டும். கருவறைக்குள் வேறு யாரும் நுழைய வேண்டியதில்லை.

படம் எடுத்தால் திருடனுக்கு வழிகாட்டியதாகும் என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். அந்தப் பயத்தை மதிக்கிறோம். ஆனால் ஸ்ரீபுரந்தானில் உள்ளே என்ன இருக்கிறது என்பது திருடனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் தெரியாமல் இருந்தது ஊருக்குத்தான்.

அறநிலையத் துறைக் கோயில்களோடு இந்தப் படமெடுக்கும் பணி நிற்கக் கூடாது. குலதெய்வக் கோயில்கள், தோட்டத்து வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகற்கள், கண்மாய்க் கரைச் சிலைகள் எல்லாம் பதிவாக வேண்டும். ஒரு பிரதி ஊர்க் கமிட்டியிடமும், ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கட்டும். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன் தேனி மாவட்ட நிர்வாகம் இதற்கு ஆணையிட வேண்டும்.