மதிலா, வயலா?

நெகேமியா என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 52 நாள். இடிந்து கிடந்த எருசலேம் மதிலை 52 நாளில் கட்டி முடித்தார்கள். சபையில் கட்டட நிதி கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனா அதே புத்தகத்தின் 5-ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் கேட்டது ரொம்பக் கம்மி. விவசாயிக்கு அதுதான் முக்கியமான அதிகாரம்.

கி.மு. 586 வாக்கில் பாபிலோன்காரர்கள் எருசலேமை இடித்து, ஆலயத்தை எரித்து, யூத ஜனங்களைச் சிறைபிடித்துப் போனார்கள். கி.மு. 538-இல் பெர்சிய ராஜா கோரேசு திரும்பிப் போக உத்தரவு கொடுத்தார். ஆலயம் எழும்பியது கி.மு. 516 வாக்கில். மதிலைக் கட்ட நெகேமியா வந்தது கி.மு. 445-இல். அதாவது ஊர் திரும்பித் தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

மதில் வேலை நடுவில் ஜனங்கள் கூக்குரல் போட்டார்கள். பெண்களும் சேர்ந்து அழுதார்கள். எதிரி மேல புகார் இல்லீங்க, சொந்தச் சகோதரர் மேல. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தாச்சு. ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கியாச்சு. சிலர் பெற்ற பிள்ளைகளையே அடிமையாக்கி விட்டார்கள். மீட்கவும் வழியில்லை, நிலம் அடுத்தவன் கையில். பாபிலோனை விட்டு வந்தவர்களுக்குச் சொந்த ஊரிலேயே இன்னொரு சிறையிருப்பு!

எங்க அப்பா காலத்தில் எங்க வயல் கொஞ்சம் அடகில் கிடந்தது. அந்த வரப்பு வழியாத்தான் ஞாயிறு ஆராதனைக்குப் போவோம். அடகு பிடித்தவரும் அதே ஆராதனையில் முன்னால உட்கார்ந்திருப்பார். அதனால இந்த அதிகாரம் எனக்குப் பழைய கதையாத் தெரியல.

நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. யோசித்துவிட்டு, பெரிய மனுஷங்களைச் சபை நடுவில் நிற்க வைத்துக் கேட்டார். அவர்களிடம் பதில் இல்லை. தானும் தன் ஆட்களும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் சேர்த்தே சொன்னார். வயல், தோட்டம், வீடு, வாங்கின நூற்றுக்கு ஒரு வட்டி, எல்லாத்தையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். அந்த வட்டியை மாத வட்டி என்று பலர் விளக்கம் சொல்வார்கள். நம்ம கிராமத்துக் கணக்கும் அதேதானே! ஒத்துக்கொண்டவர்களை ஆசாரியர் முன்னால சத்தியம் பண்ண வைத்தார். தன் உடையை உதறிக் காட்டி, வாக்குத் தவறுகிறவனை ஆண்டவர் இப்படி உதறிப் போடுவார் என்றார். அவரும் 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. அந்த ஊரில் நிலமும் வாங்கிப் போடவில்லை.

மனந்திரும்புதல் என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணீர் விட்டு ஜெபிப்பது சுலபம். கையில் இருக்கிற அடகுப் பத்திரத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுப்பது கஷ்டம். வயலை இழந்தவனுக்கு மதில் எவ்வளவு உயரமா இருந்தா என்ன?

அடுத்த தடவை யாராவது 52 நாள் கதை சொன்னா, வீட்டுக்கு வந்து 5-ஆம் அதிகாரத்தையும் ஒருதரம் படிச்சுப் பாருங்க. நமக்கு யாரோட வயலாவது திருப்பிக் கொடுக்க வேண்டியது இருக்கான்னு தெரிஞ்சிரும்.