வாஷிங்டன் என்னும் பெயர் யாருடையது?

ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் யாவும் பண்ணை முதலாளிகள் இட்ட சூட்டுத் தழும்புகளே என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் முழு உண்மை அன்று என்பது நம் கருத்து. வாஷிங்டன் என்னும் பெயரின் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இக்குடும்பப்பெயர் உடையோர் 1,63,036 பேர். அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள்.

பெயரோ வட இங்கிலாந்தின் ஓர் ஊர்ப்பெயர். அதன் இறுதியிலுள்ள 'டன்', பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பைக் குறித்த சொல். 12-ஆம் நூற்றாண்டில் டர்ஹாம் பகுதியின் அவ்வூர் நிலத்தைப் பெற்ற வில்லியம் என்பவர், தம் பழைய ஊரான ஹெர்ட்பர்னின் பெயரை விடுத்துப் புதிய ஊரின் பெயரை ஏற்றார். அம்மரபில் வந்த ஜான் வாஷிங்டன் 1650-களில் கடல் கடந்து வர்ஜீனியா சேர்ந்தார். அவருடைய கொள்ளுப்பேரரே முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன். அவருக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லை. 1799-இல் அவர் மறைந்தபோது மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைகள் 317 பேர் இருந்தனர். தமக்கு உரிமையான 123 பேருக்கு அவர் உயில்வழி விடுதலை அளித்தார்.

அவ்விடுதலைக்குக் காத்திராதவர் ஒருவர் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹாரி, 1776-இல் அப்பண்ணையிலிருந்து தப்பி ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். 1783-இல் நோவா ஸ்கோஷியாவுக்கும், 1792-இல் சியரா லியோனுக்கும் சென்றார். ஆவணங்கள் அவரை ஹாரி வாஷிங்டன் என்றே குறிக்கின்றன. ஆண்டானை எதிர்த்து வெளியேறியவரோடு ஆண்டானின் பெயரும் ஆப்பிரிக்கா திரும்பியது.

புக்கர் டி. வாஷிங்டனின் கதை வேறு. அடிமையாகப் பிறந்த அச்சிறுவன், விடுதலைக்குப் பின் பள்ளியில் சேர்ந்தபோது பிற பிள்ளைகளுக்கு இரு பெயர்கள் இருக்கக் கண்டான். ஆசிரியர் கேட்டபோது, புக்கர் வாஷிங்டன் என்று தானே சொல்லிக்கொண்டான். 1901-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதனை அவரே எழுதியுள்ளார். வாஷிங்டன் என்பது அவருடைய மாற்றாந்தந்தையின் இயற்பெயரும்கூட. இப்பெயரை ஆண்டானின் முத்திரை என்று எவ்வாறு சொல்வது?

மால்கம் எக்ஸ் தம் 'லிட்டில்' என்னும் குடும்பப்பெயரைத் துறந்ததன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. பெயரைத் துறத்தலும் ஒரு தெரிவு. ஏற்றலும் ஒரு தெரிவே. முன்னதை மட்டும் எதிர்ப்பு என்று போற்றி, பின்னதை அடிமை மனம் என்று ஒதுக்குவது, உடைமைகளாகவே எண்ணப்பட்ட மனிதர்கள் தாமே செய்த முதற்செயல்களுள் ஒன்றை அவர்களிடமிருந்து மீண்டும் பறிப்பதாகும். ஹெர்ட்பர்னை விடுத்த நிலக்கிழாருக்கு நாம் தயங்காமல் வழங்கும் உரிமையைப் புக்கருக்கு வழங்க ஏன் தயங்க வேண்டும்?