பண்டிகை மேஜையில் வைக்கும் கிண்ணம்



திருவருகைக் காலம் நெருங்கும்போது நம் வீடுகள் பலவற்றில் பீங்கான் ஜாடி பரணிலிருந்து இறங்கிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாய் அறுத்த பன்னீர் திராட்சையை வாங்கி, கழுவி உலர்த்தி, நசுக்கி, சர்க்கரையும் ஒரு கை கோதுமையும் சிறிது ஈஸ்டும் பட்டை, கிராம்பும் சேர்த்து, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைக்கிறோம். சில வாரங்களில் கேக்குக்குத் துணையாக ஒயின் ஆயத்தமாகிறது. “வெறும் திராட்சரசந்தானே, ஐயா” என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டுகிறோம். இந்த வாரம் அந்தச் சொல்லைத் தியானிப்போம்.

ஜாடிக்குள் நடப்பது என்ன? ஈஸ்ட் பழத்தின் சர்க்கரையை உண்டு, அதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பொங்கி நுரைக்கச் செய்வது அந்த வாயுவே. புது ரசத்தைப் பழந்துருத்தியில் வார்த்தால் துருத்தி கிழியும் என்று ஆண்டவர் சொன்னபோது, கேட்டவர்கள் இதைக் கண்ணாரக் கண்டிருந்தார்கள். சர்க்கரை மிகுதியாக இட்டு நன்றாகப் புளித்த வீட்டு ஒயினில் ஆல்கஹால் பீரைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். வீட்டில் செய்தோம் என்பதால் அது பழச்சாறு ஆகிவிடாது.

திராட்சரசமே பாவம் என்று நான் போதிக்கவில்லை. 104-ஆம் சங்கீதம் அதை மனுஷனுடைய இருதயத்தை மகிழ்விக்கும் தேவ ஈவாகவே எண்ணுகிறது. ஆனால் கானாவூர்க் கலியாணத்தைக் குறித்துப் பேசும்போது நம் தமிழ் வேதாகமம் ஆளுகிற ‘திராட்சரசம்’ என்ற அதே சொல், நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் எச்சரிப்பாகவும் வருகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை மறப்பது வேதத்தை நேர்மையாய் வாசிப்பதாகாது.

என் பாரம் வேறொன்று. குடியின் கட்டிலிருந்து பல மாதப் போராட்டத்துக்குப் பின் வெளியே வந்த ஒரு சகோதரர் பண்டிகை நாளில் உங்கள் வீட்டுக்கு வருகிறார். நீங்கள் அன்போடு கிண்ணத்தை நீட்டுகிறீர்கள். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். வாங்கினால் மறுபடியும் விழக்கூடும். அவருடைய மனைவி கண்களைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறாள். ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் கேட்பது இதுவே: சகோதரன் இடறுவானானால், என் சுதந்தரத்துக்கு என்ன மதிப்பு? மேலும், அனுமதியின்றி மதுவகை தயாரிப்பதை 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் தடைசெய்கிறது. அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லுகிற 13-ஆம் அதிகாரமும் அதே நிருபத்தில்தான் இருக்கிறது.

ஆகவே என் ஆலோசனை எளியது. அதே பன்னீர் திராட்சையைச் சிறிது தண்ணீருடன் கொதிக்கவைத்து, மசித்து, வடிகட்டி, ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் பருகிவிடுங்கள். நிறமும் மணமும் குறைவதில்லை. இது தாழ்ந்த மாற்று என்று எண்ணவேண்டாம். 1869-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற மெதடிஸ்ட் விசுவாசி, திருவிருந்துக்காகவே திராட்சைச் சாற்றைப் புட்டிகளில் சூடாக்கிப் புளிக்காமல் காத்தார். புளிக்காத ரசத்தைத் திருவிருந்தில் பயன்படுத்தும் சபைகள் இன்று உலகெங்கும் உண்டு.

இவ்வாண்டு உங்கள் மேஜையிலுள்ள கிண்ணம், உங்கள் வாசலுக்கு வருகிற மிகப் பலவீனமான சகோதரனும் அச்சமின்றிக் கைநீட்டி வாங்கக்கூடியதாக இருப்பதாக. கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.