மோனாலிசாவைப் பார்க்காதவர்கள் சங்கம்

பாரிஸ் போய்விட்டு வந்தவரிடம் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஈஃபிள் டவர் ஏறினீங்களா?" இரண்டாவது, "மோனாலிசா பார்த்தீங்களா?" இரண்டாவதுக்கு 'இல்லை' என்று சொன்னால் போச்சு. "அவ்வளவு தூரம் போயிட்டு..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பயந்தே எத்தனையோ பேர் லூவர் மியூசியத்துக்குள் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். முட்டி வலிக்கும் அப்பா, கூட்டத்தைக் கண்டாலே படபடக்கும் அத்தை, ஓவியம் என்றாலே கொட்டாவி விடும் பத்தாம் வகுப்புப் பையன்... எல்லோரும் ஒரே வரிசையில்.

இவர்களை வெளியிலேயே விட்டுவிட்டுப் போனால் என்ன?

லூவர் மோசமான இடம் என்று யாரும் சொல்லவில்லை. பிரச்சினை கூட்டம்தான். 2024-ல் மட்டும் 87 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். 2025 ஜூன் 16 அன்று, இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று ஊழியர்களே வேலையை நிறுத்திவிட, டிக்கெட் வாங்கியவர்கள் பிரமிடுக்கு வெளியே மணிக்கணக்கில் நின்றார்கள். மோனாலிசாவுக்கென்று தனி அறை கட்டப் போவதாக அதிபர் மக்ரோனே அந்த வருஷம் ஜனவரியில் அறிவிக்க வேண்டி வந்தது. படத்தின் அளவோ வெறும் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். அதுவும் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால். முன்னால் நிற்பவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கு நடுவில் தெரிந்தால் அதிர்ஷ்டம். இதில் வேடிக்கை, அதே அறையில் எதிர்ச் சுவரில் வெரோனீஸ் வரைந்த 'கானா ஊர்த் திருமணம்' இருக்கிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவரிலேயே பெரிய ஓவியம். பாவம், எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்!

இன்னொரு கணக்கு. காட்சிக்கு இருப்பவை சுமார் 35,000 பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விநாடி கொடுத்தால்கூட, நடக்கிற நேரம் போக, ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக 'லூவரைப் பார்த்தேன்' என்று சொல்பவரும் முழுசாகப் பார்த்தவர் இல்லை. பார்க்காதவருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அளவில்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட் 32 யூரோ. பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்பதால் இலவசம். அப்பாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து 64 யூரோ, அதாவது ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். "ஃபிளைட்டுக்கே லட்சக்கணக்கில் செலவு பண்ணியாச்சு, இதில் என்ன கஞ்சத்தனம்" என்பார்கள். காமர்ஸ் வகுப்பில் இதற்கு 'சங்க் காஸ்ட்' என்று பெயர். ஃபிளைட்டுக்குக் கொடுத்தது போனது போனதுதான், உள்ளே போனாலும் போகாவிட்டாலும் திரும்பி வராது. இந்த 64 யூரோ இன்னும் பையில்தான் இருக்கிறது. முட்டி வலியும் இன்னும் வரவில்லை. யோசிக்க வேண்டியது இந்த இரண்டைப் பற்றி மட்டும்தான்.

சரி, வெளியே இருப்பவர் என்ன செய்வார்? பையைக் காவல் காத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் தப்பு.

பிரமிடுக்கு நேர் எதிரில் காருசெல் வளைவு. 1806-லிருந்து 1808-க்குள் நெப்போலியன் தன் வெற்றிகளுக்காகக் கட்டியது. வெனிஸிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த நான்கு வெண்கலக் குதிரைகளை இதன் தலையில்தான் ஏற்றி வைத்திருந்தார். அவர் தோற்றதும் 1815-ல் குதிரைகள் வெனிஸுக்கே திரும்பிப் போயின. இப்போது மேலே நிற்பவை வேறு. உள்ளே இருக்கும் பொருட்களில் எது எப்படி வந்தது என்ற கேள்வியை, டிக்கெட் வாங்காமல் வாசலில் நின்றே கேட்டுக்கொள்ளலாம்.

வளைவைத் தாண்டினால் துய்லரி தோட்டம். லூயி மன்னர் காலத்தில், 1664-ல், லெ நோத்ர் வடிவமைத்தது. தோட்டத்துக்குச் சொந்தமான அரண்மனை 1871 கலவரத்தில் எரிந்துபோய்விட்டது. தோட்டம் மட்டும் மிச்சம். தோட்டத்தின் தொடக்கத்திலேயே, புதர் வேலிகளுக்கு நடுவே, மயோல் செய்த வெண்கலப் பெண் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. மியூசியத்தில் வைக்க வேண்டிய சிலைகள், புல்வெளியில், இலவசமாக! குளத்தைச் சுற்றிப் பச்சை நிற இரும்பு நாற்காலிகள். இழுத்துப் போட்டு உட்கார யாரும் காசு கேட்பதில்லை. அப்பாவின் முட்டிக்கு இதைவிடப் பெரிய கலைப்பொருள் பாரிஸில் கிடையாது :-)

பையனை வடக்குப் பக்கம் ரிவோலி தெருவைத் தாண்டி பாலே ருவாயாலுக்கு அனுப்பலாம். அங்கே முற்றத்தில் புரேன் என்ற கலைஞர் 1986-ல் நிறுத்திய 260 கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தூண்கள். சில இடுப்பு உயரம், சில ஆளுயரத்துக்கும் மேல். வைத்த காலத்தில் 'பழைய அரண்மனையைக் கெடுத்துவிட்டார்கள்' என்று பெரிய சண்டை. இன்றைக்குப் பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கின்றன. தொடாதே என்று அதட்டக் காவலர் இல்லாத கலை என்பதே ஒரு நிம்மதி. மழை வந்தால் இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்து, தேசிய நூலகத்தின் ரிஷலியூ கட்டடத்துக்குள் நுழைந்துவிடலாம். அங்குள்ள முட்டை வடிவ வாசிப்புக்கூடம் 2022-லிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை. ஆயிரக்கணக்கில் காமிக்ஸ் வேறு. பிரெஞ்சு தெரியாவிட்டால் என்ன, படம் பார்க்கலாம். கூரையையும் பார்க்கலாம்.

கூட்டம் பிடிக்காத அத்தைக்கு லூவரின் கிழக்குப் பக்கம். சதுர முற்றத்தின் வழியாக நடந்து வெளியே வந்தால் எதிரில் சான் ஜெர்மான் லோசெருவா என்ற பழைய கோவில். அரசர்கள் லூவரில் வாழ்ந்த காலத்தில் அவர்களுடைய கோவில் இதுதான். 1572 ஆகஸ்ட் 24 அதிகாலை இதன் மணி ஒலித்ததும்தான், அரச கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்த புராட்டஸ்டண்டுகளை வெட்டிச் சாய்க்க ஆரம்பித்தார்கள். பாரிஸில் மட்டும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இன்று உள்ளே போனால் ஜன்னல் வழியாக வண்ண வெளிச்சம், அமைதி, உட்கார பெஞ்சு. கதை தெரிந்து உட்கார்ந்தால் அந்த அமைதி கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. நம் வீடுகளில் "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்ற வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, உண்மையிலேயே ஆசை இல்லை. இன்னொன்று, ஆசை இருக்கிறது, ஆனால் தனக்காக இன்னொரு 32 யூரோ போவது பிடிக்கவில்லை. தியேட்டரிலும் ஹோட்டலிலும் இதே வசனத்தைச் சொல்லியே பழகிப்போன அம்மாக்கள் உண்டு. அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவது சுதந்திரம் கொடுப்பது ஆகாது. எனவே டிக்கெட் விலை தெரிவதற்கு முன்னால், ஊரிலிருந்து கிளம்பும்போதே கேட்டுவிட வேண்டும். விலைப்பலகைக்கு முன்னால் நின்று கேட்டால் வருவது பதில் இல்லை, மிச்சம் பிடிப்பது. அப்போதும் சந்தேகம் என்றால், கேட்காமலே அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். அப்பாவைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதும் இதுவும் முரண்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரிவதற்கு முன் சந்திக்கும் இடத்தைப் பேசி வைப்பது முக்கியம். 'பிரமிடு பக்கத்தில்' என்று சொன்னால் தொலைந்தார்கள், அங்கேதான் பாதி உலகமும் நிற்கிறது. உள்ளே போனவர்கள் நிலத்தடிக் கடைகள் வழியாக வேறெங்காவது வெளியே வரவும் வாய்ப்புண்டு. காருசெல் வளைவின் அடி என்று சொல்வது நல்லது.

இத்தனை பஞ்சாயத்தும் வேண்டாம் என்பவர்கள் செவ்வாய்க்கிழமை போகலாம். அன்றைக்கு லூவருக்கு விடுமுறை. தோட்டமும் நாற்காலியும் வழக்கம்போல் திறந்திருக்கும்.