பெயரும் ஊரும் இல்லாத கள்ளி வேண்டாம்

முள் இருந்தா கள்ளி, கிள்ளினா பால் வந்தா கள்ளி. நம்ம ஊர்க் கணக்கு இவ்வளவுதான். ஆனால் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கேக்டஸ் குடும்பத்தில் நம் ஆடு மாடுகளுக்கு நன்றாகத் தெரிந்தது சப்பாத்திக்கள்ளி. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். முள் கிளம்பும் இடத்தில் மெத்தை போல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது இருந்தால்தான் கேக்டஸ்.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, மாடித்தோட்டக்காரர்களைப் பிடித்த 'அரிய கள்ளி' ஆசை மெல்ல உழவர்களையும் தொட்டிருக்கிறது. நாற்றங்கால் போட்டு விற்கலாமே என்று கேட்கிறார்கள். விற்கலாம், தப்பில்லை. ஆனால் எதை, எப்படி என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

ஒரு செடியை வைத்தே பேசுவோம். பெயர் யாவியா கிரிப்டோகார்ப்பா. அர்ஜென்டினாவின் வடக்கு மூலையில், பொலிவியா எல்லையை ஒட்டிய ஹுஹுய் மாகாணத்தில் யாவி என்றொரு ஊர். அந்தப் பக்கத்தில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3700 மீட்டர் உயரத்தில், சரளை மண்ணில் வாழ்கிறது. கீஸ்லிங், பில்ட்ஸ் என்ற இருவர் 2001-இல்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். அத்தனை நாள் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. செடி பம்பரம் போல இருக்கும். தட்டையான தலை மட்டும், ஒரு நாணயம் அளவுக்கு, மண்மட்டத்தில் தெரியும். மழையில்லாத குளிர்காலத்தில் சுருங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். இளஞ்சிவப்புப் பூ நடுவில் பூக்கும். காய் வெளியே வராது, உடம்புக்குள்ளேயே விளையும். செடி வற்றிச் சுருங்கும்போதுதான் காய் தலைகாட்டும். 'கிரிப்டோகார்ப்பா' என்றால் ஒளிந்த காய் என்றுதான் பொருள்.

இந்தச் செடியை அவசரக்காரர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். டிராகன் பழக் கொடியைப் போன்ற வேகமான தண்டில் ஒட்டினால் மளமளவென்று ஊதும், பக்கக் குட்டி போடும், சீக்கிரம் காசாகும். ஆனால் பம்பர வடிவம் போச்சு, மண்ணுக்குள் இறங்கும் குணம் போச்சு, கிழங்கு போன்ற ஆணிவேரும் போச்சு. அடையாளம் சொல்ல இருந்ததெல்லாம் போன பிறகு, அதை யாவியா என்று எதை வைத்து நம்புவது? யூரியா போட்டுக் கொழுத்த பயிரைப் பார்த்துச் சலித்த நாம் இதை வாங்கலாமா?

அடையாளம் தப்பினால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1795-இல் சிவப்புச் சாயத்துக்காக பிரேசிலிலிருந்து கொச்சினீல் பூச்சியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயம் தரும் இனமே இல்லை. சாயத் தொழில் படுத்துவிட்டது. அந்தப் பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அழித்தது, இன்னொரு வகையைத் தொடவே இல்லை. தொடாத அந்த வகை, 1926-இல் வேறொரு கொச்சினீல் இனம் வந்த பிறகுதான் அடங்கியது. பூச்சிக்குத் தெரிந்த வேறுபாடு மனுஷனுக்குத் தெரியவில்லை, பாருங்க.

காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியைத் தொடவே வேண்டாம். 2020-இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளரிடம் சிலி நாட்டுக் கள்ளிகள் ஆயிரம் போல் பிடிபட்டன. 2015-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு, கேக்டஸ் இனங்களில் 31 விழுக்காடு அழிவின் விளிம்பை நெருங்குவதாகச் சொன்னது.

வழி விதைதான். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் வேண்டும். விதையோடு தாய்ச்செடி எந்த ஊர், எந்த உயரம் என்ற குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். பாரம்பரிய நெல்லுக்கு நாம் கேட்பதில்லையா, அதே மாதிரி. பொடிக்கல், பெருமணல் நிறைய, மட்கு மிகக் கொஞ்சம். விதையை மேலே தூவினால் போதும், மண் மூடக்கூடாது. முளைக்கும்வரை கண்ணாடி போட்டு ஈரம் காக்கணும், பூஞ்சணம் கண்டால் உடனே காற்றோட்டம். வேருக்கு ஆழமான தொட்டி. குளிர்காலத்தில் தண்ணீரே வேண்டாம். பஞ்சகவ்யக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க, ஊதி அழுகிவிடும். இரவு குளிராத சமவெளியில் இது பாடுபடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் முயலலாம்.

பூக்கச் சில வருஷம் ஆகும். அதுவரை ஒவ்வொரு தொட்டியிலும் ஊர்ப்பெயர் எழுதின சீட்டு மழையில் அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதினால் நிற்கும், பேனா மை நிற்காது.