காட்டுக்குப் போகும் முன் சைனாடவுனில் ஒரு சோதனை

தேர்வு முடிந்ததும் மாணவர் குழுக்கள் மலையேறக் கிளம்புவது இங்கு புதிதல்ல. பலரும் முதலில் போவது ஜோகூரின் குனோங் லேடாங். உயரம் 1,276 மீட்டர். அனுபவம் கூடியவர்கள் பகாங்கில் 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹானுக்குப் போகிறார்கள். பொருள்களுக்கான பட்டியல் போடும்போது அநேகமாக எல்லாக் குழுக்களிலும் ஒரு விவாதம் எழும். எல்லாரிடமும் திறன்பேசி இருக்கும்போது, சில நூறு வெள்ளி கொடுத்துக் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்லும் முன், காட்டில் வழி தவறிய ஒருவருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். அவருக்கு மூன்று கேள்விகள் உண்டு. நான் எங்கே இருக்கிறேன்? எந்தப் பக்கம் போவது பாதுகாப்பு? எனக்கு ஆபத்து என்பது யாருக்குத் தெரியும்? சாதாரண ஜிபிஎஸ் கருவி முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். மூன்றுக்கும் சேர்த்துப் பதில் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கருவி எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு நம் கையிலுள்ள கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோளங்கள் தெரிந்தால் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் மூன்றும் கிடைக்கும். கருவி கேட்கிறது, பேசுவதில்லை. நாம் இருக்கும் இடம் விண்ணில் எதற்கும் தெரியாது.

தொடக்கத்தில் இது அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்ட பிறகுதான் மலையேறிகளுக்கு இக்கருவி உண்மையில் பயன்பட்டது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உலகம் முழுவதும் சேவை தருகின்றன. புதிய கருவிகள் பலவும் இந்த அமைப்புகளைச் சேர்த்தே பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரில் 2023 நவம்பர் முதல் வாகனங்களில் பொருத்தப்பட்டுவரும் இஆர்பி 2.0 கருவியும் துணைக்கோளங்களை நம்பியதே. ஆக, இந்தத் தொழில்நுட்பம் எங்கே தடுமாறும் என்று தெரிந்துகொள்வது மலையேறுவோருக்கு மட்டும் உரிய பாடமல்ல.

அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சைனாடவுன் போதும்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் வாசலில் நின்று கருவியை இயக்குங்கள். சுற்றியுள்ள பழைய கடைவீடுகள் உயரமில்லாதவை என்பதால் வானம் ஓரளவு திறந்திருக்கும். இருப்பிடம் நிலைபெற்றதும், நடந்த தடத்தைப் பதிவுசெய்யும் வசதியை முடுக்கிவிட்டுப் பகோடா ஸ்திரீட்டின் ஐந்தடி நடைபாதைக்குள் நடங்கள். தலைக்கு மேல் கூரை வந்துவிடும். நியூ பிரிட்ஜ் சாலையைக் கடந்து 31 மாடி பீப்பள்ஸ் பார்க் காம்பிளெக்ஸின் அடியில் சற்று நில்லுங்கள். பிறகு கிராஸ் ஸ்திரீட் வழியாக வங்கிக் கட்டடங்கள் இருக்கும் பக்கம் போய்த் திரும்புங்கள்.

பதிவான தடத்தைப் பார்த்தால், நீங்கள் நேராக நடந்த இடத்தில் கோடு வளைந்து நெளிந்திருக்கலாம். சாலையின் மறுபக்கத்துக்குத் தாவியிருக்கலாம். நின்ற இடத்தில் நூல்கண்டு போல் சிக்கலாகியிருக்கலாம்.

காரணம் எளிமையானது. உயரமான கட்டடங்கள் நேரான சமிக்ஞையை மறைக்கின்றன. கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் தெறித்த சமிக்ஞை சுற்றுவழியில் வருகிறது. ஒரு நானோ விநாடியில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் பயணம் செய்யும். நூறு நானோ விநாடி தாமதமாக வந்த சமிக்ஞை, அந்தத் துணைக்கோளத்தின் தூரத்தை 30 மீட்டர் கூட்டிக் காட்டிவிடும்.

இதே நடையைத் திறன்பேசியின் வரைபடச் செயலியைத் திறந்துவைத்து நடந்தால் பிழை அவ்வளவாகத் தெரியாது. செயலி அருகிலுள்ள வைஃபை, கைப்பேசிக் கோபுரங்கள் ஆகியவற்றின் உதவியையும் பெறுகிறது. வழிகாட்டும்போது நம் புள்ளியைச் சாலைமீது இழுத்தும் வைக்கிறது. நகரத்தில் திறன்பேசி துல்லியமாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் நகரமே. தஹான் காட்டில் வைஃபை கிடையாது. புள்ளியை இழுத்து வைக்கச் சாலையும் கிடையாது. எனவே சோதனையின்போது திறன்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையையும் அணைத்துவிட்டு ஒப்பிடுவதே நியாயம். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும்.

எதைப் பார்த்து வாங்குவது?

மழைக்காட்டில் நனைந்த அடர்ந்த இலைக்கூட்டமும் பள்ளத்தாக்குகளும் கட்டடங்களின் வேலையைச் செய்கின்றன. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் மேல்வளியின் அயனி மண்டலம் கொந்தளித்து, சமிக்ஞையைச் சில நாள்களில் தடுமாற வைக்கும். இருட்டும் முன் முகாமை அடைந்துவிட வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு கூடுதல் காரணம்.

ஆகவே விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் திரை அளவையும், எத்தனை ஆயிரம் இடங்களைச் சேமிக்கலாம் என்ற கணக்கையும் ஒதுக்கிவைக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இரட்டை அலைவரிசை. பழைய கருவிகள் எல்1 அலைவரிசையை மட்டும் கேட்கும். எல்5 அலைவரிசையையும் சேர்த்துக் கேட்பவை, தெறித்து வரும் சமிக்ஞையை நன்றாகப் பிரித்தறியும்.

இரண்டாவது மின்சக்தி. தொடர்பு கிடைக்காத காட்டில் திறன்பேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தீர்த்துவிடும். சாதாரண ‘டபுள் ஏ’ பேட்டரி போடும் கருவிக்கு எந்தச் சிற்றூர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். உள்ளேயே மின்கலம் கொண்ட சில புதிய கருவிகள் நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் தீர்ந்தால் மின்னேற்றி வேண்டும். ஒரு வாரப் பயணமா, ஒரு நாள் பயணமா என்பதே இதை முடிவு செய்யும்.

மூன்றாவது பொத்தான்கள். மழையில் நனைந்த விரல், கையுறை, சேறு ஆகியவற்றோடு தொடுதிரை ஒத்துழைக்காது. நான்காவது நீர்த்தடுப்பு. ஐபிஎக்ஸ்7 என்ற குறி, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் இருந்தாலும் கருவி கெடாது என்பதைக் குறிக்கிறது. ஆற்றைக் கடக்கும் பயணத்தில் இது ஆடம்பரமல்ல.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெக்ரிட்சியிலோ புக்கிட் தீமாவிலோ நடப்பதற்கு இது எதுவும் தேவையில்லை. தொடர்பு கிடைக்கும், பாதைப் பலகைகள் இருக்கும். மின்னேற்றிய திறன்பேசியே போதும்.

வாங்கிய பிறகும் சில பழக்கங்கள் வேண்டும். நடக்கத் தொடங்கும் முன் திறந்தவெளியில் சில நிமிடம் காத்திருந்து தொடக்கப் புள்ளியைக் குறிக்க வேண்டும். வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிவைக்க வேண்டும். தாள் வரைபடத்தோடு ஒப்பிட்டால், வரைபடம் எந்த நில அளவை அடிப்படையில் வரையப்பட்டது என்று பார்க்க வேண்டும். கருவிகள் வழக்கமாக டபிள்யூஜிஎஸ் 84 முறையில் இடம் காட்டும். பழைய மலேசிய வரைபடங்கள் கெர்தாவ் முறையில் உள்ளன. இரண்டையும் கலந்தால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும். சரிவில் அது பாதைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம்.

குரங்கணி சொல்வது என்ன?

இரண்டாவது கேள்வியான ‘எந்தப் பக்கம் போவது பாதுகாப்பு’ என்பதற்கு எந்தக் கருவியிலும் பதில் இல்லை. 2018 மார்ச் 11ஆம் தேதி தமிழகத்தின் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் சிக்கினர். சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து சென்ற அவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் இளையர்கள்.

அவர்கள் சென்றது உரிய அனுமதி இல்லாத பாதை என்று அரசு கூறியது. கோடைக்காலம், காய்ந்த புல்வெளி, காற்று. தாங்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்திருந்தாலும் தீ எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் திரை சொல்லியிருக்காது. அந்த மாதத்தில் அந்த மலைக்குப் போகலாமா என்பதை உள்ளூர் மக்களும் வனத்துறையும்தான் சொல்ல முடியும்.

அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையவழிப் பதிவுடனும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடனும் ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகள் மூடப்படுகின்றன. கருவியைவிட அந்த வழிகாட்டியும் மூடும் முடிவும் அதிக உயிரைக் காப்பாற்றும்.

கேட்கும் கருவியும் பேசும் கருவியும்

மூன்றாவது கேள்விக்குப் பேசும் கருவி வேண்டும். துணைக்கோளம் வழியாகக் குறுஞ்செய்தியும் அவசர அழைப்பும் அனுப்பும் கருவிகள் இன்று கையடக்கமாகவே கிடைக்கின்றன. ஐஃபோன்களில் துணைக்கோள அவசரச் சேவை 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. பிறகு வேறு சில நாடுகளுக்கும் விரிந்தது. எல்லா நாடுகளிலும் அது இல்லை. நம் திறன்பேசியில் வசதி இருப்பது வேறு, போகும் நாட்டில் அது இயங்குவது வேறு.

விடுமுறைக்கு இமயமலைக்கோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ போக நினைக்கும் நம் மாணவர்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இந்தியாவில் உரிய அனுமதியின்றித் துணைக்கோளத் தொலைபேசியோ, துணைக்கோளம் வழியே செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பது குற்றம். மலையேற வந்த வெளிநாட்டுப் பயணிகள் சிலர், அத்தகைய கருவியைப் பையில் வைத்திருந்ததற்காக விமான நிலையங்களில் தடுத்துவைக்கப்பட்டுள்ளனர்.

கடையில் இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படாது. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 67 கேட்கும் கருவி. அதே உருவில், எண்ணுக்குப் பின்னால் ‘ஐ’ என்ற ஓர் ஆங்கில எழுத்து கூடிவரும் கருவி பேசும். மலையில் உயிர்காக்கும் அந்த ஓர் எழுத்து, விமான நிலையத்தில் வழக்காக மாறலாம். வாங்கும் முன் அந்த எழுத்தையும், போகும் நாட்டின் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பேசும் கருவியைக் கொண்டுபோக முடியாத இடத்தில், மூன்றாவது கேள்விக்குச் செலவில்லாத பதில் ஒன்று உண்டு. எந்தப் பாதை, எத்தனை பேர், எந்த நாள் எத்தனை மணிக்குள் திரும்புவோம், அதற்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது. அம்மா கவலைப்படுவார் என்று போகும் இடத்தை மறைப்பது, தேடுதல் குழு கிளம்புவதைப் பல மணி நேரம் தள்ளிப்போடும்.

மாணவர்கள் ஆளுக்கொரு கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு குழுவுக்கு இரட்டை அலைவரிசையுள்ள ஒரு கருவி, ஒரு திசைகாட்டி, ஒரு தாள் வரைபடம், மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு பேர் போதும். தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால், கால் சுளுக்கி விழப்போவது அவராகவும் இருக்கலாம். அந்த இரண்டு பேரும் கிளம்புவதற்கு முந்திய சனிக்கிழமை சைனாடவுனில் ஒரு மணி நேரம் நடந்து, கருவி எங்கெல்லாம் பிழை காட்டுகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். அங்கே தவறினால் எம்ஆர்டி நிலையத்துக்கு வழி கேட்டுக்கொள்ளலாம்.