கைபிடியை மாற்றுவார் சிந்தனைக்கு

ஒரு கருவியின் உறுப்புக்கள் தம்முள் இயைந்து நிற்கும்வரையே அது கருவியெனப்படும். அவ்வுறுப்புக்களுள் ஒன்றை, அழகு கருதியோ பிறர் வைத்திருக்கக் கண்டோ மாற்றப் புகுவார், ஏனையவை அம்மாற்றத்தை ஏற்குமா என்று முன்னரே எண்ணுதல் கடனாம். துவிச்சக்கர வண்டியின் நேரான கைபிடியைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிகளிலுள்ளது போலக் கீழ்நோக்கி வளைந்த கைபிடியைப் பூட்டும் விருப்பம் இளைஞர் சிலரிடம் காணப்படுகின்றது. முன்னதை நேர்பிடி என்றும், பின்னதை வளைபிடி என்றும் ஈண்டு வழங்குவாம். இம்மாற்றம் தக்கதா, தகாததா என்பதே நம் வினா.

தமிழாசிரியனுக்கு வண்டிப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் அருகியபோது நம் நாட்டார் பலர் மீண்டும் துவிச்சக்கர வண்டியையே நாடினர். அவ்வண்டியிலேறிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் உயிர் அதன் பிறேக்கை நம்பி இருத்தலின், இஃது ஆசிரியர் யாவர்க்கும் உரிய பொருளேயாம்.

வளைபிடியின் சிறப்பை மறுத்தல் நேர்மையன்று. அதன் மேற்பகுதி, பிறேக் பிடிகளின் தலைப்பகுதி, கீழ்வளைவு என மூவிடங்களில் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். நெடுந்தூரம் செல்வார்க்கு இது பேருதவியாகும். அன்றியும், உடலைத் தாழ்த்தி ஓட்டுவதால் காற்றின் எதிர்ப்புக் குறைகின்றது. சமநிலத்தில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுபவன் தன் வலுவிற் பெரும்பகுதியைக் காற்றை விலக்குதற்கே செலவிடுகின்றான். வேகம் இருமடங்காயின் அதற்கு வேண்டிய வலு எண்மடங்காகும். 1989ஆம் ஆண்டுப் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் இறுதி நாளில், அமெரிக்கராகிய கிரெக் லெமொண்ட் முன்னோக்கி நீண்ட கைபிடியைப் பற்றி உடலைக் குறுக்கி ஓட்டி, பிரான்சியராகிய லோரன்ட் ஃபின்யோனை மொத்த நேரத்தில் 8 வினாடிகளால் வென்றார். அவ்வெற்றிக்குக் காரணம் பலவாயினும், கைபிடியும் அவற்றுள் ஒன்றென்பர்.

எனினும், சிறப்புடைய ஒன்று எவ்விடத்தும் பொருந்தும் என்பது பெறப்படாது. பொன்னோடு மலர் சேரின் பொன்மலர். பொன்னோடு குடம் சேரின் பொற்குடம். வருமொழி மாறியதும் நிலைமொழி ஈறும் திரிகின்றதன்றோ? வண்டிக்கும் அவ்வாறே ஒரு புணர்ச்சி விதி உண்டு. நேர்பிடியிற் கைப்பற்றும் குழாயின் புறவிட்டம் 22.2 மில்லிமீற்றர், வளைபிடியில் 23.8 மில்லிமீற்றர். வேறுபாடு 1.6 மில்லிமீற்றரே. ஆயினும், பழைய பிறேக் பிடிகளும் கியர் மாற்றும் பிடிகளும் புதிய குழாயில் ஏறா. ஆகவே கைபிடியை மட்டும் வாங்கச் சென்றவன் பிறவற்றையும் வாங்கியே மீளவேண்டியவனாகின்றான்.

இவற்றுள் தலையாயது பிறேக்கே. ஷிமானோ நிறுவனம் 1996இல் அறிமுகஞ்செய்த வீ-பிறேக்கும் அதனை ஒத்தனவும் நேர்பிடி வண்டிகள் பலவற்றில் உள. அவற்றின் கைகள் நீண்டவை. ஆதலின் கம்பியை மிகுதியாக இழுக்கும் பிடி அவற்றுக்கு வேண்டும். வளைபிடிக்கெனச் செய்யப்படும் பொதுவான பிடிகளோ கம்பியைக் குறைவாகவே இழுப்பன. இவ்விரண்டையும் இணைத்தால், பிறேக் கட்டை சில்லின் விளிம்பை நன்கு அழுத்துமுன் பிடி கைபிடியில் முட்டி நின்றுவிடும். கட்டைகளை விளிம்புக்கு மிக அண்மையில் வைத்து இக்குறையை மறைப்பாரும் உளர். பட்டறை வாசலில் அது குறையற்றதாகவே தோன்றும். கட்டை தேயத் தேய, பிடி மேலும் மேலும் உள்ளே செல்லும். சந்தியிலே பேருந்து குறுக்கிடும் ஒரு நாளிலேதான் உண்மை வெளிப்படும். நீண்ட இழுப்புடைய வளைபிடிப் பிடிகளும் விற்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டு வாங்காதது மாற்றுவோர் குற்றமேயாகும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தட்டு பிறேக்காயின் செலவு இன்னும் பெரிது.

கம்பிக்குப் பதிலாக இரும்புக் கோல்களால் இயங்கும் பிறேக்குடைய பழைய வண்டிகளின் நிலை வேறு. அக்கோல்கள் கைபிடியோடு ஒன்றியவை. கட்டைகளோ விளிம்பின் உட்புறத்தை அழுத்துவன. அவ்விளிம்பின் பக்கங்கள் பக்கவாட்டுப் பிறேக்குக்கு ஏற்றவை அல்ல. எனவே அங்குக் கைபிடியை மாற்றத் தொடங்கினால் சில்லை மாற்றுவதிலேயே சென்று முடியும். தலைமுறை கண்ட அவ்வண்டிகளை அவ்வண்ணமே விடுதல் நன்று.

உடல்நிலையையும் நோக்குதல் வேண்டும். நேர்பிடிக்கென அமைந்த பிறேம் பெரும்பாலும் நீளமானது. அதில் வளைபிடி பூட்டினால், கை மேலும் ஏறக்குறைய 8 முதல் 10 சென்ரிமீற்றர் முன்னே செல்லும். கைபிடியைத் தாங்கும் தண்டைக் குறுக்காவிடின் முதுகும் கழுத்தும் நோகும். ஜோன் டோமக் என்னும் அமெரிக்க வீரர் 1990இல் மலைவழி வண்டியிலும் வளைபிடி பூட்டிப் போட்டியிட்டார். அவ்வாண்டில் வீதிப் பந்தயங்களிலும் ஓட்டியமையால், ஈரிடத்தும் உடல்நிலை ஒன்றாயிருத்தலை அவர் விரும்பினார். தேர்ந்த தொழில்வினைஞர் அருகிருந்து ஒவ்வொரு மில்லிமீற்றரையும் சீர்செய்த அவரிடத்தும் அவ்வழக்கம் நிலைக்கவில்லை.

ஆதலின் எம் முடிபு இதுவாகும். நெடுந்தூரம் ஓட்டுவோர், பிறேக், பிடி, தண்டு, கியர் ஆகிய அனைத்தின் செலவையும் ஒருங்கே கணக்கிட்டுப் பார்க்க. அத்தொகை வளைபிடியுடனேயே செய்யப்பட்ட பழைய வண்டியொன்றின் விலையை அண்மினால், அவ்வண்டியையே வாங்குக. வீட்டிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வார்க்கு நேர்பிடியே சாலும். கைமாற்றிப் பிடிக்க இடம் வேண்டின், அதன் இருமுனையிலும் சிறு கொம்புகளைப் பூட்டிக் கொள்ளலாம். அதனால் பிறேக்குக்கு யாதோர் ஊறும் இல்லை. எவ்வாறு மாற்றினும், வீதியில் இறங்குமுன் பிடியை முழுவலிமையோடு அழுத்திப் பார்க்க. அது கைபிடியைத் தொடுமாயின், வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குத் திரும்புக. அந்த நடை வெட்கத்துக்குரியதன்று.